பாக் துரையின் வீடு: இங்கிலாந்து மாளிகைகள் எழுந்ததும் இடிந்ததும்

தமிழ்நாட்டுக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடக்கும் கடலுக்குப் பாக் நீரிணை என்று பெயர். மீனவர் கைது, எல்லை தாண்டல், படகு பறிமுதல் என்று அடிக்கடி செய்தியில் அடிபடும் பெயர். யார் இந்தப் ‘பாக்’ என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ராபர்ட் பாக் என்று ஒருத்தர். 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னர். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். ஊர் திரும்பிய பிறகு எக்ஸிட்டர் நகருக்குப் பக்கத்தில் ஹால்டன் ஹவுஸ் என்ற மாளிகையையும் அதைச் சுற்றியிருந்த நிலங்களையும் வாங்கிப்போடும் அளவுக்கு அவர் கையில் காசு இருந்தது.

அந்த வீடு இன்று இல்லை. 1920களில் இடித்துவிட்டார்கள்.

ஹால்டன் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் இருந்த ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்ற பெருமாளிகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் காணாமல் போயின. இடிப்பு உச்சத்தில் இருந்த 1955இல் சராசரியாக ஐந்து நாளைக்கு ஒரு மாளிகை விழுந்தது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிரான்சில் 1789இல் விவசாயிகள் பிரபுக்களின் மாளிகைகளுக்குத் தீ வைத்தார்கள். ரஷ்யாவில் 1917க்குப் பிறகு எரித்தார்கள், பறித்தார்கள். இங்கிலாந்தில் அப்படி எந்தக் கூட்டமும் தீப்பந்தத்தோடு வரவில்லை. வீட்டுக்காரரே இடிப்பு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார். கதவு, கணப்பு, படிக்கட்டு எல்லாவற்றையும் ஏலம் போட்டுவிட்டு, மிச்சத்தை வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னார். அப்படி என்னதான் நடந்தது?

வீட்டுக்குள் ஓடிய காசு

‘டவுன்டன் அபே’ தொடரைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். அபே என்றால் கிறிஸ்தவத் துறவிகளின் மடம். பிரபு குடும்பம் வாழும் வீட்டுக்கு ஏன் மடத்தின் பெயர்? அந்த வீடு கற்பனை. பெயருக்குப் பின்னால் இருக்கும் வரலாறு உண்மை. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் சுமார் 800 மடங்களை மூடி அவற்றின் நிலங்களை எடுத்துக்கொண்டார். பிறகு அவற்றை அரசவைக்காரர்களுக்குக் கொடுத்தார், விற்றார். வாங்கியவர்கள் மடத்துக் கல்லிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். வோபர்ன் அபே, லேகாக் அபே என்று இன்றும் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் வீடுகள் அப்படி வந்தவைதான்.

கன்ட்ரி ஹவுஸ் என்றால் கிராமத்தில் இருக்கும் பெரிய வீடு என்று நினைத்துவிடக் கூடாது. நம்மூர் ஜமீன் மாளிகையைப் போல அது ஒரு நிர்வாகத் தலைமையிடம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம், அதில் குத்தகை விவசாயிகள், அவர்களுக்குக் கீழே கூலிகள். குத்தகைப் பணம் வீட்டுக்குள் வரும். அந்தப் பணத்தில் வீடு ஓடும். வீட்டைப் பார்த்து மிரண்டவர்கள் ஓட்டுப் போடுவார்கள், கடன் கொடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள். எலிசபெத் காலத்தில், 1590களில் எழுந்த ஹார்ட்விக் ஹாலின் முகப்பில் சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகமாகத் தெரியும். கண்ணாடி கொள்ளை விலை விற்ற காலம் அது. என்னிடம் எவ்வளவு இருக்கிறது பார் என்று தூரத்திலிருந்தே சொல்லும் முகப்பு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளென்ஹைம் அரண்மனை எழுந்தது. பிரெஞ்சுப் படையை ஒரு போரில் தோற்கடித்ததற்காக மார்ல்பரோ பிரபுவுக்கு நாடு கொடுத்த பரிசு அது.

நிலம் எப்படிக் குவிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பொது நிலங்களையும் மேய்ச்சல் வெளிகளையும் வேலி போட்டுத் தனியுடைமை ஆக்க, 1604 முதல் 1914 வரை ஆங்கில நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களைப் போட்டது. சுமார் 68 லட்சம் ஏக்கர் கைமாறியது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தது யார்? அதே மாளிகைக்காரர்கள். டார்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபு என்பவருக்குத் தன் வீட்டருகே ஒரு சிறு நகரம் இருந்தது பிடிக்கவில்லை. அதை அப்படியே அப்புறப்படுத்திவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளி 1780 வாக்கில் மில்டன் அபஸ் என்ற புது கிராமத்தை அமைத்தார். ஓலைக்கூரை போட்ட அந்த வீடுகளை இன்று காலண்டர் படங்களில் ‘இங்கிலாந்தின் அழகிய கிராமம்’ என்று பார்க்கிறோம். காலிசெய்யச் சொல்லப்பட்டவர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை.

குவிந்தது சிதறாமல் இருக்கவும் வழி வைத்திருந்தார்கள். சொத்து மொத்தமும் மூத்த மகனுக்கு. அவனும் முழு உரிமையாளன் இல்லை. சாகும்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. அடுத்த வாரிசுக்கு அப்படியே ஒப்படைக்க வேண்டும். இளைய மகன்களுக்கு ஒன்றும் கிடையாது; ராணுவம், தேவாலயம், இல்லையென்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. இளைய மகன்களும், பாக் மாதிரி நிலமே இல்லாதவர்களும் சேர்ந்து ஏறிய கப்பல்கள்தான் மதராஸ் கரைக்கு வந்தன.

மதராஸ் காசு

இங்கே வந்து காசு பார்த்துத் திரும்பியவர்களுக்கு இங்கிலாந்தில் ஒரு கிண்டல் பெயர் இருந்தது. நவாப் என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் ‘நேபாப்’ ஆகியிருந்தது. நேபாப் ஊர் திரும்பியதும் செய்யும் முதல் வேலை நிலமும் மாளிகையும் வாங்குவது. பழைய பிரபுக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே அவர்களுக்கு இடம் விட்டார்கள்.

தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை மதராஸ் கவர்னர். கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் வைரத்தைச் சுமார் 20,000 பவுண்டுக்கு வாங்கினார். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் பிரபுவுக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். வைரம் இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காசில் கார்ன்வாலில் பொகானக் என்ற பண்ணையையும் மாளிகையையும் வாங்கினார். அவர் பேரனும் கொள்ளுப்பேரனும் பின்னால் இங்கிலாந்தின் பிரதமர்கள் ஆனார்கள். வைரம் நிலமாகி, நிலம் நாடாளுமன்ற இருக்கையாகி, இருக்கை பிரதமர் பதவியாகப் பழுக்க இரண்டு மூன்று தலைமுறைதான் பிடித்தது.

பால் பென்ஃபீல்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். கட்டுமானப் பொறியாளராக 1764இல் மதராஸுக்கு வந்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர். அவருக்குக் காசு கொட்டியது கட்டடத்தில் இல்லை, வட்டியில். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனியின் போர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்குக் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்குவார். 20 சதவீதத்துக்கும் மேலே வட்டி. அடமானம் என்ன? ஊர் ஊராக வரி வசூல்.

1773இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். தஞ்சை வருவாயின் மேல் பென்ஃபீல்டுக்குக் கடன் பத்திரங்கள் எழுதப்பட்டன. 1776இல் கவர்னர் ஜார்ஜ் பிகட் தஞ்சையை மறுபடி அதன் ராஜாவிடம் ஒப்படைத்தார். உடனே பென்ஃபீல்டு ஒரு கணக்கை நீட்டினார்: தஞ்சை விளைச்சலிலிருந்து தனக்கு வர வேண்டியது 2 லட்சம் பவுண்டுக்கு மேல்! பிகட் மறுத்தார். பென்ஃபீல்டின் பக்கம் நின்ற கவுன்சில் உறுப்பினர்கள் கவர்னரையே கைது செய்தார்கள். பிகட் 1777இல் காவலிலேயே செத்துப்போனார். நவாபின் கடன்களை விசாரணை இல்லாமலேயே செல்லும் என்று லண்டன் அரசு ஏற்றுக்கொண்டது. கர்நாடகப் பகுதியின் வருவாயிலிருந்தே அடைக்கச் சொன்னது. 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து இதை மணிக்கணக்கில் கிழித்தார். தீர்மானம் தோற்றது.

பென்ஃபீல்டு ஊர் திரும்பி ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் மாளிகையை வாங்கினார். அதைக் கட்டியவர் தாமஸ் ரம்போல்டு. அவரும் மதராஸ் கவர்னராக இருந்தவர்தான். ஆனால் லண்டனில் வங்கித் தொழிலில் இறங்கிய பென்ஃபீல்டு திவாலானார். 1801இல் மாளிகை ஒரு வங்கிக் குடும்பத்துக்குப் போனது. 1810இல் பாரிஸில் ஒன்றுமில்லாமல் செத்தார். வீடு இன்றும் நிற்கிறது, அதில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. தஞ்சாவூர் நெல்லுக்கும் அந்தப் பள்ளிக்கூடச் சுவருக்கும் இருக்கும் உறவு இப்படிச் சுற்றிவளைத்ததுதான். ஆனால் உறவு இருக்கிறது.

எல்லா மாளிகையும் நம் காசில் எழுந்தது என்று சொன்னால் அது பொய். பெரும்பாலானவற்றைத் தாங்கியது இங்கிலாந்தின் சொந்தக் குத்தகைக்காரர்களின் உழைப்பு. நிலக்கரி, சர்க்கரை, கம்பெனி எல்லாம் அதன் மேல் வந்து சேர்ந்தன. யார்க்ஷயரின் ஹேர்வுட் ஹவுஸை 1759க்கும் 1771க்கும் இடையில் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் பணம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்த சர்க்கரை. எந்த மாளிகையானாலும் அதன் வருமானம் வீட்டுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவரின் வயலில் இருந்தது. அந்த வருமானம் நின்றால் வீடு வெறும் செலவு.

அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை

வருமானம் 1870களின் கடைசியில் நிற்கத் தொடங்கியது. அமெரிக்கப் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள், ரயில் போட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள், நீராவிக் கப்பலில் ஏற்றினார்கள். கொஞ்ச காலத்தில் குளிர்பதனக் கப்பல்களில் நியூசிலாந்து ஆட்டிறைச்சியும் வந்தது. லண்டன் ஏழைக்கு ரொட்டி மலிவானது. ஆங்கிலக் கோதுமையின் விலையோ 1894 வாக்கில் எழுபதுகளில் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் குத்தகை கட்ட முடியவில்லை. துரையால் வீட்டுக் கூரையை மாற்ற முடியவில்லை.

1882இல் ஒரு சட்டம் வந்தது. வாரிசுக் கட்டுப்பாட்டில் பூட்டிக்கிடந்த நிலங்களை இனி விற்கலாம். நீதிமன்ற அனுமதியோடு ஓவியங்களையும் நூலகங்களையும் விற்கலாம். குடும்பத்தைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். ஆனால் மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. முதலில் ஓவியங்கள் போயின, பிறகு நிலம் போனது, நிலம் போனதும் வீட்டுக்குச் சோறு போட யாருமில்லை. சிலர் வேறு வழி பார்த்தார்கள். பிளென்ஹைமின் மார்ல்பரோ பிரபு 1895இல் அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வீட்டுப் பெண் கன்சுவேலோ வாண்டர்பில்டைக் கட்டிக்கொண்டார். வரதட்சணை 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள். கூரை தப்பியது. கல்யாணம் தப்பவில்லை.

1894இல் வாரிசு வரி. அதிகபட்சம் 8 சதவீதம்தான். அதற்கே பிரபுக்கள் அலறினார்கள். 1919இல் அது 40 ஆனது, 1949இல் 80 ஆனது. இடையில் முதல் உலகப்போர். சண்டைக்குப் போன பிரபு குடும்பத்து ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை. போர் முடிந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் நிலம் வரலாறு காணாத அளவில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுத குத்தகைக்காரர்கள். மாளிகைகளுக்காக வருந்தும் புத்தகங்களில் இந்த ஒரு வரியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஒருவர் வீட்டில் இழவு என்றால் இன்னொருவர் வீட்டில் முதன்முறையாகச் சொந்த நிலப் பத்திரம்.

வேலைக்காரர்களும் கிடைக்கவில்லை. ஒரு பெரிய மாளிகையில் கணப்புக்குக் கரி சுமக்க, விளக்கு துடைக்க, வெந்நீர் தூக்க, துணி துவைக்க என்று ஐம்பது பேர்கூட இருப்பார்கள். விடியும் முன்னே எழுந்து நள்ளிரவுக்குப் படுக்கும் வேலை, எஜமானர் கண்ணில் படாமல் நடக்கப் பின்படிக்கட்டு. போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குப் போன பெண்கள், வாரம் முடிந்தால் கூலி, மாலையானால் சுதந்திரம் என்பதை ருசி பார்த்துவிட்டார்கள். “இனி எவ போய் அங்க கரி சுமப்பா?”

பாக் குடும்பமும் இதே ஆற்றில்தான் அடித்துச் செல்லப்பட்டது. ராபர்ட் பாக்கின் வாரிசுகள் டார்க்கீ என்ற மீன்பிடிக் கிராமத்தைக் கடலோர உல்லாச நகரமாக வளர்த்தார்கள், துறைமுகம் கட்டினார்கள், 1880இல் ஹால்டன் பிரபு என்ற பட்டமும் பெற்றார்கள். செலவும் கடனும் கூடவே வளர்ந்தன. சில ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. 1892இல் ஹால்டன் ஹவுஸ் கைமாறியது. பிறகு இடிப்பு. 1939இல் வாரிசில்லாமல் பட்டமும் முடிந்துபோனது.

ஐந்து நாளைக்கு ஒன்று

இடிப்பிலும் ஒரு சந்தை உருவானது. வாட்ஃபர்ட் நகருக்குப் பக்கத்தில் இருந்த கேசியோபரி மாளிகையை 1927இல் இடித்தபோது அதன் செதுக்குமரப் படிக்கட்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லங்காஷயரின் ஏக்ராஃப்ட் ஹாலை மரம் மரமாகக் கழற்றிக் கப்பலேற்றி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மறுபடி நிறுத்தினார்கள். டிரென்ட்ஹம் ஹாலை அதன் பிரபு இலவசமாகவே தர முன்வந்தார். மாவட்ட நிர்வாகம் வேண்டாம் என்றது. மாளிகையை ஒட்டி ஓடிய டிரென்ட் ஆற்றில் பீங்கான் ஆலை நகரங்களின் சாக்கடை கலந்து, குடியிருக்க முடியாத நாற்றம். 1911-12 வாக்கில் இடித்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் மாளிகைகளை அரசு எடுத்துக்கொண்டது. சில பள்ளிகளாயின, சில மருத்துவமனைகளாயின, பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியர்களின் சங்கேதங்களை உடைத்தார்கள். நிறைய வீடுகளில் படைகள் தங்கின. படைகள் போனபோது உடைந்த படிக்கட்டும் ஒழுகும் கூரையும் மிஞ்சின. பழுது பார்க்கப் பொருள் கிடையாது, உரிமம் கிடையாது. டெவன்ஷயர் பிரபு வாரிசு வரியைத் தவிர்க்க, சாட்ஸ்வொர்த் உள்ளிட்ட சொத்தை முன்கூட்டியே மகன் பெயருக்கு மாற்றியிருந்தார். மாற்றி ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950இல், கெடுவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது செத்துப்போனார். 80 சதவீத வரி. அதைக் கட்ட ஓவியங்களையும், கண்ணாடி முகப்புள்ள அந்த ஹார்ட்விக் ஹாலையும் அரசிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் நடந்த வென்ட்வொர்த் உட்ஹவுஸ் சம்பவம் எளிய தீர்ப்புகளைக் கலைத்துப்போடும். யார்க்ஷயரில் 600 அடிக்கு நீளும் முகப்பு கொண்ட மாளிகை; ஃபிட்ஸ்வில்லியம் குடும்பத்தின் நிலக்கரிப் பணம். 1946இல் தொழிற்கட்சி அரசின் எரிபொருள் அமைச்சர் மேனி ஷின்வெல், தோட்டத்தை வாசல்வரை தோண்டி நிலக்கரி எடுக்க உத்தரவிட்டார். எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களது சங்கத் தலைவரே பிரதமர் அட்லியிடம் முறையிட்டார். அது தாங்களும் உலவிய தோட்டம், தங்கள் ஊரின் அழகு என்பது அவர்கள் வாதம். தோட்டத்தைத் தோண்டத்தான் செய்தார்கள். ஏழைகள் எல்லாம் மாளிகைகளை வெறுத்தார்கள் என்பதும் உண்மையில்லை, நேசித்தார்கள் என்பதும் உண்மையில்லை. தங்கள் உழைப்பில் எழுந்த ஒன்றின் மேல் தங்களுக்கும் பாத்தியதை உண்டு என்று அந்தத் தொழிலாளர்கள் நினைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

யாருக்காக ஒப்பாரி

1968 வரை, பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்த வீட்டைக்கூட முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இடிக்க முடிந்தது. அந்த ஆண்டில்தான் அனுமதி கட்டாயமானது. 1974இல் லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி வைத்தது: மாளிகைகளின் அழிவு, 1875 முதல் 1975 வரை. சரிந்து விழும் தூண்கள் மாதிரி அமைத்த ஒரு அறை. தூண்களின் துண்டுகளில் இடிந்த வீடுகளின் புகைப்படங்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் அந்த வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருந்தது. போரில் செத்தவர்களின் பெயரை வாசிப்பது போல. வந்தவர்கள் அழுதார்கள் என்பார்கள். அந்தக் கண்காட்சி பொதுமனதை மாற்றியது. அழிவு ஏறக்குறைய நின்றது.

தப்பியவற்றில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்று நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கின்றன. 1895இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில்லின் கவலை, நகரத்து ஏழைகள் மூச்சுவிடத் திறந்தவெளி வேண்டும் என்பது. 1937க்குப் பிறகு அது பிரபுக்களின் வீடுகளையும் ஏற்றுக்கொண்டது. குடும்பம் அதே வீட்டில் ஒரு மூலையில் வாழலாம், வாரிசு வரி கிடையாது, பொதுமக்கள் டிக்கெட் எடுத்து உள்ளே வரலாம். பின்படிக்கட்டில் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் முன்வாசலால் நுழைந்தார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

2020இல் அதே நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் இருக்கும் 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பைப் பட்டியலிட்டது. சண்டை வெடித்தது. டீ குடித்துவிட்டு ரோஜாத் தோட்டம் பார்க்க வந்தவர்களிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறீர்கள் என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கோபப்பட்டார்கள். 1974இல் வீடுகளின் பெயர்களை வாசித்தபோது யாருக்கும் கோபம் வரவில்லை. அந்த வீடுகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று வாசித்தபோது வந்தது.

அழகான ஒரு கட்டடம் இடிந்தால் வருத்தம் வருவது இயல்பு. அந்த வருத்தத்தில் தவறில்லை. கேசியோபரி படிக்கட்டைச் செதுக்கிய கைகளும் ஏழைக் கைகள்தான். ஆனால் இந்த மாளிகைகளைக் கொன்றது வெறும் பொறாமையோ வரி அதிகாரியோ இல்லை. ரொட்டி மலிந்தது, கூலி உயர்ந்தது, உழுதவன் நிலத்தை வாங்கினான், வேலைக்காரி வேறு வேலைக்குப் போனாள். இந்த நான்கும் நடந்த நாட்டில் அத்தனை மாளிகைகளும் அப்படியே நின்றிருக்க முடியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பாரி முழுமையாகும்.

ஹால்டன் ஹவுஸின் பக்கவாட்டுக் கட்டடம் ஒன்று மட்டும் தப்பிப் பின்னாளில் ஹோட்டல் ஆனது. குன்றின் மேல் ராபர்ட் பாக் 1788இல் கட்டிய வெள்ளை நிற முக்கோணக் கோபுரமும் தப்பியது. மதராஸில் கம்பெனிப் படையை உருவாக்கிய தன் நண்பர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் நினைவாக எழுப்பியது அது. தன் சொத்தை பாக் குடும்பத்துக்கே எழுதிவைத்துவிட்டுப் போனவர் லாரன்ஸ். உள்ளே ரோமானியத் தளபதி வேடத்தில் அவருக்குச் சிலை. இப்போது அங்கே கல்யாணங்கள் நடக்கின்றன. கோபுரத்தின் உச்சியில் நின்றால் டெவனின் பச்சை வயல்கள் வெகுதூரம் தெரியும். அவற்றில் நிறைய ஒரு காலத்தில் பாக் குடும்பத்தின் நிலங்கள். இன்று அவர்கள் பெயரை அன்றாடம் சொல்கிறவர்கள் ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்காரரின் பெயரைச் சொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.